பொய்யருக்கு ஒரு ஆட்டு மணி

பாலைவன ஊரான ஹல்யாவில் வெயில் எப்படிப்பட்டது என்றால், உச்சிப்பொழுதில் மனிதனுடைய நிழல் அவனை விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் திரும்பி வரும். இதைச் சொன்னவர் ஸல்மீன். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் தரீம் சந்தைக்குப் போகிற ஹல்யாக்காரர்கள் எல்லோரும் தங்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இதையேதான் சொன்னார்கள்.

ஸல்மீன் மண்கல் அறுத்து வீடு கட்டுகிறவர். தாடி முழுக்க நரைத்தாகிவிட்டது. என்ன சொன்னாலும் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இருக்காது. அவருடைய சரக்கில் சிறந்தது ஹூத் நபியின் அடக்கத்தலமான கபுறுக்குப் போய்வந்த கதைகள்தான். அந்தக் கபுறு மலைச்சரிவில் எவ்வளவு நீளம் போகிறதென்றால், தலைமாட்டில் ஸலாம் சொல்லிவிட்டுக் கால்மாட்டுக்குக் கிளம்புகிறவன் வழிக்குப் பேரீச்சம்பழம் கட்டிக்கொள்ள வேண்டும். நபியின் ஒட்டகம் கல்லாகிக் கிடக்கும் பாறை இருக்கிறதே, அது ஷஅபான் மாதத்தில் மட்டும் அசைபோடும். காதை வைத்துக் கேட்டால் கேட்கும். இப்படி வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த கதைகள் ஒரு ஒட்டகச் சுமை இருந்தன.

இதில் ஒரு சிறு குறை. ஸல்மீன் ஹூத் நபியின் கபுறைப் பார்த்ததே இல்லை.

வாலிபத்தில் முதல் முறை, கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கிளம்பி, வழியிலுள்ள ஐனாத் வரை போனார். அங்கே அக்கா ஸுவைனா வாழ்க்கைப்பட்டிருந்தாள். உள்ளங்காலில் ஒரு கட்டி. அக்கா வீட்டு மேல்மாடியில் படுத்தார். கட்டி உடைவதற்குள் கபுறு தரிசனமான ஜியாரத்துக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அவர்களோடு நடந்து ஹல்யாவுக்கு வந்தால், ஊரே எல்லை வரை வந்து தப்பட்டை அடித்து வரவேற்றது. குழந்தைகள் மிட்டாய் கேட்டுக் கையைப் பிடித்தன. ஊருக்கே நல்ல மனசாக இருக்கும்போது அதை எப்படிக் கெடுப்பது?

அடுத்த வருஷம் கட்டி இல்லை. ஆனால் அக்காவின் சமையல் இருந்தது. ஹல்யாக்காரர்கள் அவர் ஐனாத்காரர்களோடு போகிறார் என்று நினைத்தார்கள். ஐனாத்காரர்கள் ஹல்யாக்காரர்களோடு போகிறார் என்று நினைத்தார்கள். திரும்பி வருகிறவர்களை வழியில் சந்தித்து, வாயைக் கிளறி, கேட்டதையெல்லாம் நல்ல அளவில் பெருக்கிக்கொள்வார். அவ்வளவுதான் தொழில்.

பிறகு உண்மையாகவே போக ஆசை வந்தபோது ஒரு சங்கடமும் கூடவே வந்தது. முதல் முறை போகிறவனுக்கு ஹல்யாவில் ‘புதுக்கால்’ என்று பெயர். அவன் கழுத்தில் ஆட்டு மணி கட்டிவிடுவார்கள். மணி அடிக்க அடிக்கப் போக வேண்டும். கபுறில் ஸலாம் சொன்ன பிறகு கூட வந்தவர்களுக்கு ஒரு ஆடு அறுத்துச் சோறு போட வேண்டும். வீடு திரும்பியதும் தாயோ மனைவியோதான் மணியைக் கழற்ற வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த ஜியாரத்து நிறைவேறாது என்பது ஊர் நம்பிக்கை. முதல் முறை தனியாகக் கிளம்பியதால் ஸல்மீன் கழுத்துக்கு அந்த மணி வரவே இல்லை. இப்போது இத்தனை கதை சொன்ன மனிதர், நரைத்த தாடிக்குக் கீழே எந்த முகத்தோடு மணி கட்டிக்கொள்வார்?

ஆகவே வருஷா வருஷம் ஐனாத்தின் மேல்மாடி. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இருவர். ஒருத்தி அக்கா. இன்னொருத்தி மனைவி துஃபாஹா.

அந்த வருஷம் ஜியாரத்து மாதமான ஷஅபான் பிறந்தபோது, ஹல்யா கூட்டத்தை எப்போதும் நடத்திப்போகும் ஷேக் கராமாவுக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசி நேராக ஸல்மீன் வீட்டுக்கு வந்தார்கள்.

“உங்களை விட்டா யாருண்ணே இருக்கா? இத்தனை ஜியாரத்து ஊர்ல வேற யாருக்கு இருக்கு? நீங்கதான் தலைவர்” என்றார்கள்.

இஞ்சிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஸல்மீன் காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். துஃபாஹா உள்ளேயிருந்து வந்தாள்.

“முட்டிவலியா, வயித்துவலியா? எதுன்னு இப்பவே சொல்லிடுங்க. அதுக்கேத்த மாதிரி நான் அழணும்ல.”

“ஐனாத் வரைக்கும் போய்ப் பாத்துக்கறேன்.”

“ஐனாத்தை இதுவரைக்கும் நல்லாத்தான் பாத்திருக்கீங்க.”

பயணப் பையை அவளே கட்டினாள். “அடியில ஒரு சின்னப் பொட்டலம் இருக்கு. இப்ப பிரிக்காதீங்க.”

“என்ன அது?”

“மருந்து.”

“எதுக்கு மருந்து?”

“வலி வந்தா தெரியும்.”

*

ஒட்டகங்களோடு கூட்டம் கிழக்கே கிளம்பியது. அந்த வருஷத்துப் புதுக்கால் யுஸ்லம். ஜாவாவில் பிறந்து, துணிக்கடை வைத்து, நடுவயதில் அப்பன் ஊருக்குக் கப்பலேறி வந்த குண்டு மனிதர். கழுத்தில் மணியைக் கட்டியதும் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். நடக்கும்போது மணி ஒரு பக்கம் அடிக்கும், கேள்வி ஒரு பக்கம் வரும்.

“அண்ணே, கபுறுக்கு முன்னால குளிக்கணுமே, அந்த மஸீலா ஆறு எவ்வளவு ஆழம்?”

“அது ஆளைப் பொறுத்தது. நல்லவனுக்கு முழங்கால். உன்னை மாதிரி பாதி நல்லவனுக்கு இடுப்பு. ஃபரஜ் வந்தா கரையிலயே நிக்க வெச்சுடுவோம்” என்றார் ஸல்மீன்.

ஃபரஜ் ஒட்டகக்காரர், ஸல்மீனுக்கு மாமன் மகன், சம வயது. ஸல்மீன் சொன்ன எதையும் நம்பாமல் இருப்பதை ஒரு விரதம்போல் வைத்திருப்பவர்.

“நான் வருஷா வருஷம் அதுல இறங்கி ஏறினவன் மச்சான். ஆனா உன்னை ஒரு தடவைகூட அந்தத் தண்ணியில பாத்ததில்ல” என்றார்.

“நீ கண்ணை மூடிக்கிட்டுக் குளிக்கிறவன்.”

யுஸ்லமுக்கு அடுத்த கவலை. “கபுறுல நான் என்னண்ணே சொல்லணும்?”

இதற்கு ஃபரஜே பதில் சொன்னார். “புதுக்கால் ‘அல்லாஹ்வின் நபியே, முதல் தடவையா வந்திருக்கேன்’னு சொல்லணும். மத்தவங்க சார்பா தலைவர் சொல்லுவார், ‘திரும்பவும் வந்திருக்கேன்’னு. ஊரே கேக்கற மாதிரி உரக்க.”

ஸல்மீன் ஒட்டகத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு நடந்தார். வெகுதூரத்துக்கு ஒரு கதையும் சொல்லவில்லை. ஃபரஜுக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

மனிதர்களிடம் அளப்பதில் ஸல்மீனுக்கு ஒரு நியாயம் உண்டு. அவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்ததோடு கணக்குத் தீர்ந்தது. நபியிடம் போய் அளந்தால் அது என்ன கணக்கில் சேரும்? போகாமல் தப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நின்று பொய் சொல்ல வேண்டும். அதுவும் இல்லையென்றால் மணி.

ஐனாத்தில் அக்கா ஸுவைனா வாசலிலேயே நின்றிருந்தாள். கூட்டம் மொத்தமும் கேட்கச் சொன்னாள்:

“வா தம்பி. மேல்மாடியில படுக்கை விரிச்சாச்சு. கருவாட்டுச் சோறு அடுப்புல இருக்கு. இவங்க திரும்புற வரைக்கும் எப்பவும்போல இருப்பேல்ல?”

யுஸ்லமின் மணிகூட நின்றுவிட்டது. ஃபரஜின் புருவம் தலைப்பாகைக்குள் போய்விட்டது.

“அக்காவுக்கு வயசாச்சு. திரும்பி வர்றப்போ தங்குறதைப் போறப்போ சொல்றா” என்றார் ஸல்மீன்.

“யாருக்குடா வயசாச்சு?” என்று ஆரம்பித்தவள், பின்னால் நின்ற ஒட்டக வரிசையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். “ஆமா ஆமா, திரும்பி வர்றப்போதான். வெயில் மண்டையில ஏறிடுச்சு” என்று உள்ளே போய்விட்டாள். அவளும் அந்தக் குடும்பம்தானே.

காலையில் ஸல்மீன் நொண்டினார். வலது காலா இடது காலா என்று முடிவு செய்வதற்குள் ஃபரஜ் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டார்.

“கால்வலியா மச்சான்? ஏறு. தலைவரை வழியில போட்டுட்டுப் போனா நாளைக்கு ஊர் எங்களைத்தான் காறித் துப்பும்.”

இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஸல்மீன் ஐனாத்துக்குக் கிழக்கே போனார்.

*

கபுறு இருக்கும் ஊரில் வருஷம் முழுக்க ஆள் கிடையாது. ஜியாரத்து நாட்களில் மட்டும்தான் வீடுகள் திறக்கும். மற்ற மாதங்களில் அங்கே குடியிருக்கிற பல்லிகள் அது தங்கள் பாட்டன் வீடு என்றே நம்பிக்கொண்டிருக்கும். அவற்றை அனுசரித்துத்தான் பாய் விரிக்க வேண்டும். ஹல்யாவுக்கும் அங்கே ஒரு வீடு உண்டு. அது எந்தத் தெரு என்று ஸல்மீனுக்குத் தெரியாது.

“சாவி வெச்சிருக்கறவன் முன்னால போ. பல்லிகளுக்கு ஆள் வர்றது தெரியட்டும்” என்று ஃபரஜை முன்னே அனுப்பிவிட்டார். அந்த மட்டும் தப்பியது.

மறுநாள் காலை தலைவர் முன்னே நடக்க வேண்டும். தலைவரை யாரும் முந்தக் கூடாது. அவர் போகிற வழிதான் வழி. இங்கேதான் இடறியது. ஜியாரத்தின் ஒழுங்கு ஸல்மீனுக்கு மனப்பாடம்தான், ஆனால் தலைகீழாக. திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது அல்லவா? எந்த மனிதன் முதலில் நடந்ததை முதலில் சொல்கிறான்? கடைசியாகப் பார்த்த ஒட்டகப் பாறையில்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அப்புறம் கபுறு, அப்புறம் நபிமார்களுக்கு ஸலாம் சொல்லும் கிணறு. ஆற்றுக் குளியலுக்கு வருவதற்குள் ஊர் வந்துவிடும்.

ஆகவே ஸல்மீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் பாறையைப் பார்த்து நடந்தார். கூட்டம் பின்னால் வந்தது. யுஸ்லமின் மணி அடித்தது. படிகளில் எதிரே வந்தவர்கள் எல்லோர் தாடியிலும் தண்ணீர் சொட்டுகிறது. வேட்டிகள் நனைந்து காலில் ஒட்டிக்கிடக்கின்றன. ஹல்யாக்காரர்கள் மட்டும் உலர்ந்த மண்சட்டிபோல் இருந்தார்கள்.

பாறையடியில் பாய் உதறிக்கொண்டிருந்த காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாரும் மேல ஸலாம் சொல்லிட்டு இங்க இறங்கி வருவாங்க. நீங்க காலங்காத்தாலே இங்க நிக்கிறீங்க. வானத்துலேருந்து குதிச்சீங்களா?”

“அதானே?” என்றார் ஃபரஜ், மிகவும் மரியாதையாக. “மச்சான், ஆத்துக்குப் போகாம, குளிக்காம, இங்க எதுக்கு வந்திருக்கோம்?”

ஸல்மீன் பாறையை மேலும் கீழும் பார்த்தார். வீடு அளவு பெரிய பாறை. கதைகளில் அதை மலை அளவுக்குச் செய்து வைத்திருந்தார். இருந்தாலும் நேரில் பார்த்தபோது அவருக்கு அது சிறியதாகத் தெரியவில்லை.

“ஃபரஜ், நீ ஒரு பெரிய மனுஷரைப் பாக்க அவர் வீட்டுக்குப் போறே. வாசல்ல அவரோட ஒட்டகம் நிக்குது. அதைக் கண்டுக்காம உள்ள போவியா?”

ஃபரஜ் ஒட்டகக்காரர். தன்னையறியாமல் தலையாட்டிவிட்டார்.

“அதான். ஒட்டகத்தை விசாரிச்சாச்சு. இப்ப போய்க் குளிப்போம்.”

காவல்காரர் பாயைக் கீழே போட்டுவிட்டு, “இது நல்ல முறையா இருக்கே” என்றார். பின்னால் வந்த வேறு ஊர்க்காரர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டுத் தாங்களும் பாறையைத் தொட்டு விசாரித்தார்கள்.

ஆறு எந்தப் பக்கம்? ஸல்மீன் படிகளில் இருந்த ஈரக் கால்தடங்களைப் பார்த்தார். அவை வந்த திசையிலேயே தடங்களை எதிர்த்து இறங்கினார். தண்ணீரில் கால் வைத்தபோது அது முழங்கால் அளவுதான் இருந்தது. ஃபரஜுக்கும் அதே முழங்கால்தான். அதை ஃபரஜ் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் மூழ்கினார்.

குளித்து, தொழுது, கிணற்றடியில் நின்று எல்லா நபிமார்களுக்கும் பெயர் சொல்லி ஸலாம் சொன்னார்கள். தப்பட்டையும் பாட்டுமாக அகலமான வெள்ளைப் படிகளில் ஏறினார்கள். மேலே குவிமாடம், அதற்குப் பின்னால் வெள்ளை பூசிய கபுறு மலைச்சரிவில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. வழிக்குப் பேரீச்சம்பழம் தேவையில்லைதான். ஆனால் ஸல்மீன் அதைப் பார்த்தபோது, தான் இத்தனை வருஷம் சொன்னது குறைவு என்று அவருக்குப் பட்டது.

யுஸ்லம் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ்வின் நபியே, முதல் தடவையா வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தேம்பினார்.

இப்போது தலைவர். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

ஸல்மீன் வாயைத் திறந்தார். எந்தச் சபையிலும் வழுக்கிக்கொண்டு வருகிற நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. மறுபடி முயன்றார். கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. கடைசியில் மெல்லிய குரலில், “முதல் தடவையா வந்திருக்கேன்” என்றார்.

*

கீழே இறங்கிப் பாறை நிழலில் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். யாரோ சொன்னார், “அண்ணன் எப்படிச் சொன்னார் பாத்தீங்களா? ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி! அப்படியில்ல இருக்கணும் மனசு.”

“மாதிரி இல்ல” என்றார் ஸல்மீன். “நான் இங்க வந்ததே இல்ல. ஐனாத்துல அக்கா வீட்டு மேல்மாடியில படுத்திருந்தேன். எல்லா வருஷமும்.”

ஃபரஜ் சிரித்தார். தேநீர் மூக்கில் ஏறி, ஒட்டகமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“சத்தியமா சொல்றேன் ஃபரஜ்.”

“மச்சான், பொறந்ததுலேருந்து நீ சொன்ன ஒரு வார்த்தைய நான் நம்பினதில்ல. இன்னிக்கு மட்டும் எதுக்கு நம்பணும்?”

“நீதானே ஆத்துல என்னைப் பாத்ததில்லன்னு சொன்னே?”

“அது உன்னைச் சீண்டுறதுக்கு. ஒட்டகத்தை விசாரிக்கிற முறையெல்லாம் வராத ஆளுக்கு எப்படித் தெரியும்?”

ஸல்மீன் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மணி கட்டாமல், ஆடு அறுக்காமல் போனால் கபுறில் சொன்ன அந்த ஒரே உண்மையும் அந்தரத்தில் நிற்கும். பொய்யனாகத் திரும்புவது அவருக்குப் பழக்கம். அரைகுறை ஜியாரத்தோடு திரும்புவது என்னவோபோல் இருந்தது. மேல்துண்டை எடுப்பதற்காகப் பைக்குள் கையை விட்டபோது பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தார்.

சின்னப் பித்தளை மணி. நாக்கில் சத்தம் வராமலிருக்கத் துணி சுற்றியிருந்தது. துணி நைந்து பழுப்பேறிக் கிடந்தது. நேற்றுச் சுற்றியது அல்ல.

அவர் துணியை அவிழ்த்துவிட்டு மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

“பாருங்கப்பா” என்றார் ஒருவர். “யுஸ்லம் தனியா மணியோட நடக்கக் கூச்சப்படக் கூடாதுன்னு தலைவரே கட்டிக்கிறார்.”

யுஸ்லம் எழுந்துவந்து ஸல்மீனின் கையைப் பிடித்து முத்தமிட்டார். “எனக்குக் கூச்சமே இல்லண்ணே” என்றார். அதைக் கேட்க யாருக்கும் காது இல்லை.

ஸல்மீன் எழுந்து போய், மலையிலிருந்து ஆடு ஓட்டி வந்திருந்த நாடோடிப் பதுக்காரனிடம் ஒரு கிடா வாங்கி இழுத்து வந்தார். யாரும் கத்தியைத் தொடவில்லை. புதுக்கால் யுஸ்லம்தான், அவர் ஆடு தயாராக இருக்கிறது, தலைவர் செலவில் சாப்பிட்டால் ஊருக்கு அவமானம் என்றார்கள். கெஞ்சினார். மாட்டோம் என்றார்கள். அதட்டினார். தலைவரின் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். இருந்த உண்மையெல்லாம் செலவாகிவிட்டது. இனி கைவசம் இருப்பது ஒன்றுதான்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபரஜின் எதிரே உட்கார்ந்தார்.

“சரி. உள்ளதைச் சொல்லிடறேன். இந்தக் கிடா என்னோடது இல்ல. இந்தப் பாறை அனுப்பினது.”

ஃபரஜ் கோப்பையைக் கீழே வைத்தார்.

“காலையில எல்லாரும் போனப்புறம் என்னைக் கூப்பிட்டுது. ‘இத்தனை காலமா ஜனங்க எஜமானைப் பாத்துட்டு, போற போக்குல எனக்கு ஒரு பாட்டுப் பாடிட்டுப் போறாங்க. முதல்ல என்னை வந்து விசாரிச்சது ஹல்யா ஊர்தான். என் செலவுல சாப்பிட்டுட்டுத்தான் போகணும்’னுச்சு. நான் வேண்டாம்னேன். ‘சாப்பிடாம போனா ஃபரஜோட ஒட்டகங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுவேன், ஒண்ணும் எழுந்திருக்காது’னுச்சு.”

“இது! இதுதான் மச்சான் பேச்சு” என்றார் ஃபரஜ், கத்தியைத் தீட்டிக்கொண்டே. “இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் சோறு வெந்திருக்குமே.”

பிஸ்மில்லா சொல்லி அறுத்தார்கள். இரண்டு கிடாவும் ஒரே தாம்பாளத்தில் ஏறின. ஸல்மீன் தன் கையாலேயே ஒவ்வொருவர் முன்னாலும் சோற்றையும் கறியையும் அள்ளி வைத்தார். குனியும்போதெல்லாம் மணி அடித்தது. ஃபரஜ் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். பாறை நல்ல கைக்காரி என்றார்.

*

திரும்பும்போது ஐனாத்தில் அக்கா மணியைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கருவாட்டுச் சோறு போட்டாள். “மேல்மாடியில ஈச்சம்பழம் காயப்போடலாம்னு இருக்கேன்” என்று மட்டும் சொன்னாள்.

ஹல்யா எல்லையில் தப்பட்டை கேட்டது. தலைவரின் பணிவைப் பற்றிய செய்தி அவர்களுக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்து, வழியில் கொஞ்சம் கொழுத்தும் இருந்தது. யுஸ்லமின் மனைவி மணியைக் கழற்றினாள். பிறகு கூட்டம் மொத்தமும் ஸல்மீனோடு அவர் வாசல் வரை வந்தது.

துஃபாஹா கதவைத் திறந்து வைத்திருந்தாள். மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே வந்து நின்றிருக்க வேண்டும். கையில் மாவு அப்படியே இருந்தது.

“வலி வந்துச்சா?” என்றாள்.

“வந்துச்சு. நல்ல மருந்து.” குரலைத் தாழ்த்தினார். “எப்ப வாங்கினே இதை?”

“கல்யாணம் ஆன வருஷம். இந்த வருஷம் கட்டுவீங்க, அடுத்த வருஷம் கட்டுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன். துணியை மட்டும் நடுவுல ஒரு தடவை மாத்தினேன்.” மாவுக் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். “சொன்னீங்களா அவங்ககிட்ட?”

“சொன்னேன்.”

“நம்பினாங்களா?”

“ஒருத்தன்கூட இல்ல.”

வாசலில் நின்ற ஃபரஜுக்குப் பொறுக்கவில்லை. “என்ன மச்சான் ரகசியம்? அடுத்த வருஷமும் நீதானே தலைவர்? அப்ப உனக்கு எத்தனையாவது ஜியாரத்து?”

“ரெண்டாவது” என்றார் ஸல்மீன்.

தெரு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ஸல்மீனின் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. அவருக்குப் பின்னால், கதவு மறைவில், துஃபாஹாதான் மணியைக் கையில் பொத்திக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.